டிசம்பர் மூன்று வேண்டாம்

அக்டோபர் 12

ஷிப்ட் இல்லாத நாள். கால் வீக்கம் குறையவில்லை. நெத்திலிக் குழம்பு வைத்தேன். உமாபதி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டே, தன் செல்போன் கடைக்குப் புதுச் சார்ஜர் வந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்:

"டாக்டர்கிட்ட பேசிட்டேன் ரூபா. டிசம்பர் மூணாந்தேதி ஆபரேஷன் பண்ணிக் கொயந்தய எடுத்துடலாம்னாரு."

எந்த டாக்டர்? என்னைப் பார்க்கிற திருப்பதி டாக்டரம்மா டிசம்பர் இருபது என்று தேதி சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் என்ற பேச்சே எடுக்கவில்லை. இவர் பேசியது வேறொரு நர்சிங் ஹோமில், என் வயிற்றைக் கண்ணால் பார்க்காத ஒரு ஆளிடம்.

ஏன் மூன்றாம் தேதி என்று நான் கேட்கவில்லை. தெரியும். அது அவருடைய ஹீரோவின் பிறந்தநாள். புத்தூர் ரசிகர் சங்கத்துக்கு இவர்தான் செயலாளர். அந்த ஆளின் படம் வெளியாகும் வாரம் என்று எங்கள் கல்யாணமே ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். வீட்டுச் சுவரெல்லாம் இருக்கிறது, போதும்.

அக்டோபர் 15

அத்தையும் மகன் பக்கம்தான்.

"ஜோசியரும் அன்னிக்கு நட்சத்திரம் நல்லா கீதுன்றாரு. நோவு எடுத்துக் கத்திக்கினு கெடக்கறத விட ஆபரேஷன் மேலு. உனக்கு இன்னாடி கஷ்டம்?"

"அறுக்கறது என் வயித்த, அத்த."

"வாய்க்கு மட்டும் ஒண்ணும் கொறச்சல் இல்ல."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை செங்கம்மாவுக்கும் எனக்கும் உப்பு, விளக்குமாறு, ஃபேன் சுவிட்ச் என்று எல்லாவற்றிலும் சண்டை. இப்போது இதுவும்.

அக்டோபர் 24

கம்பெனி பஸ்ஸில் புத்தூரிலிருந்து ஸ்ரீ சிட்டி ஃபாக்டரிக்குப் போகும் வழியெல்லாம் போனில் டிசம்பர் மூன்றைத் தேடிக்கொண்டே போனேன். அன்றைக்கு உலகத்தில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த உமாபதிக்கு வாசித்துக் காட்டினேன்.

"எண்பத்தி நாலுல போபால்ல விஷவாயு வந்து ஆயிரக்கணக்குல செத்தாங்களே, அது அன்னிக்குத்தான். எழுபத்தி ஒண்ணுல பாகிஸ்தான் விமானம் வந்து குண்டு போட்டு யுத்தம் ஆரம்பிச்சதும் அன்னிக்குத்தான்."

அவரும் போனை எடுத்தார். "ராஜேந்திர பிரசாத் பொறந்தது அன்னிக்கு. நாட்டோட மொத ஜனாதிபதி! கிரிக்கெட் மித்தாலி ராஜ் அன்னிக்கு. ஒருத்தரோட இதயத்த எடுத்து இன்னொருத்தருக்கு மொதமொதலா வெச்சது அன்னிக்கு. நீ சாவுங்களையே தேடிக்கினு கீற."

"அவங்கள யாரும் தேதி பாத்து அறுத்து எடுக்கல."

தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். போகட்டும்.

ஆனால் ஒன்று எழுத வேண்டும். அந்த இதய ஆபரேஷன் விஷயம் எனக்கும் பிடித்திருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 6

திருப்பதியில் ஸ்கேன். குழந்தை கொஞ்சம் சின்னதாக இருக்கிறதாம். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா ஒவ்வொரு வாரமும் உள்ளேயே வளரணும். அதுவா வரட்டும். அவசரப்படாதீங்க." உமாபதி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையாட்டினார்.

வெளியே வந்ததும் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் போனில் போட்டோ எடுத்தார். மூக்கு எங்கே, கை எங்கே என்று கேட்டார். மனிதன் மாறிவிட்டான் என்று நினைத்தேன். புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு வந்தேன்.

நவம்பர் 14



காலையில் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறேன். புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ், இரண்டு ஆள் உயரம். அந்த ஆள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். அவன் காலடியில் வட்டத்துக்குள் என் ஸ்கேன் படம். என் வயிறு! என் குழந்தை! "அண்ணனின் பிறந்தநாளில் பூமிக்கு வரும் குட்டி ரசிகன்" என்று தெலுங்கில் பெரிய எழுத்து. கீழே உமாபதி கும்பிட்டுக்கொண்டு நிற்கும் படம். ஸ்கேன் படத்தின் ஓரத்தில் என் பெயர், வயசு, எத்தனை வாரம் — எதையும் அழிக்கக்கூட இல்லை.

பஸ்ஸில் பின் சீட்டுப் பெண்கள், "ரூபாக்கா, குட்டி ரசிகன் உதைக்கிறானா?" என்றார்கள். கிண்டலாகத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சத்தியவேடு தாண்டுகிற வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இவன் தோளிலா நான் சாய்ந்தேன்?

நவம்பர் 15

காய்கறிக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். விடிந்து நல்ல வெளிச்சம். டீக்கடைக்காரர், பூக்காரி, ஆட்டோக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஃப்ளெக்ஸ் கீழ்ப்பகுதி என் கைக்கு எட்டும் உயரம்தான். வட்டத்தைச் சுற்றி அறுத்து என் படத்தை மட்டும் எடுத்துச் சுருட்டினேன். யாரும் தடுக்கவில்லை. பூக்காரி மட்டும், "பாத்தும்மா, வழுக்கும்" என்றாள்.

சாயங்காலம் வீட்டில் ஒரே கூச்சல். சங்கத்துப் பையன்கள் இவனைக் கேவலமாகப் பேசினார்களாம். "ஊர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டடி!" என்றான்.

"என் மானம் ரெண்டு ஆள் உயரத்துல தொங்குச்சே, அது?" என்றேன்.

நவம்பர் 27

பிரசவ லீவு ஆரம்பித்துவிட்டது. நகரி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என்னைப் பெற்ற நைனாவுக்குப் போன் செய்தேன். "வந்துடும்மா, நான் கீறேன் இல்ல" என்றார். அம்மா இல்லாத வீட்டில் யார் பிரசவம் பார்ப்பார்கள் என்று சொல்லி அத்தை விடவில்லை. மழை விடாமல் பெய்கிறது. வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். டிவி மட்டும்தான் பேசுகிறது.

டிசம்பர் 3

நைனா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

நேற்று மத்தியானம், "சும்மா செக்கப்தான்" என்று சொல்லி கார் வைத்து அந்த நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனார்கள். போனதும் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அப்போதே புரிந்துவிட்டது. மழை கொட்டுகிறது, கையில் போன் இல்லை, உமாபதி வாங்கி வைத்துக்கொண்டான்.

இன்று காலை நர்ஸ் பேப்பரோடு வந்தாள். "இக்கட சந்தகம் பெட்டம்மா." கையெழுத்துக் கேட்கிறாள்.

"போட மாட்டேன்."

அவள் போய் டாக்டரை அழைத்து வந்தாள். "உன் புருஷன் போட்டுட்டாரும்மா, அப்புறம் என்ன?" என்றார் டாக்டர்.

"வயிறு அவருது இல்ல சார். எனக்குப் பார்க்கிற டாக்டரம்மா காத்திருக்கணும்னு சொல்லியிருக்காங்க. குழந்தை சின்னதா இருக்கு."

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். உமாபதி பக்கம் திரும்பி, எடை குறைவென்றால் பிறந்த பிறகு சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டி வரலாம், மூச்சுக்குக் கஷ்டப்படலாம் என்றார்.

"பரவால்ல சார்" என்றான் உமாபதி. "பெட்டியில வெச்சுக்கலாம். தேதி மட்டும் மாறக் கூடாது."

வெளியே வராண்டாவில் சங்கத்துப் பையன்கள் ஸ்வீட் பெட்டியோடும் மாலையோடும் நின்றார்கள். லோக்கல் கேபிள் டிவி கேமராக்காரர் ஒருவரும் இருந்தார்.

அத்தை என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். மெதுவாக எழுந்தார்.

"இன்னாடா சொன்ன?"

"அம்மா, நீ சும்மா இரு."

"கொயந்த மூச்சு வுட முடியாம பெட்டியில கெடந்தா பரவால்லன்றியா? எவனோ ஒருத்தன் பொறந்த நாளுக்கு என் வூட்டுப் புள்ள படையலா?"

உமாபதி ஏதோ சொல்ல வாய் திறந்தான். அத்தை அவன் சட்டைப் பையில் கையை விட்டு என் போனை எடுத்தார். என் பையை எடுத்தார். ஃபிளாஸ்க்கை எடுத்தார். என்னைப் பார்த்து, "ஏந்திரு! இன்னா பாத்துக்கினு கீற? பொடவையக் கட்டு!" என்று கத்தினார். எனக்கும் அதே திட்டுதான்.

வராண்டாவில் பையன்கள் வழி மறித்த மாதிரி நின்றார்கள். அத்தை ஃபிளாஸ்க்கை ஓங்கினார். விலகினார்கள். பின்னால் உமாபதி, "இப்ப போனீன்னா வூட்டுக்கு வராத!" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் திரும்பவில்லை.

நகரி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு அத்தை கீழேயே நின்றார். "உனக்காக வரல நானு. அந்தப் புள்ளைக்காக. சுடுதண்ணி கீது, குடி" என்றார். பஸ் நகரும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றார்.

டிசம்பர் 4

அவனிடமிருந்து போன் இல்லை. குழந்தை நன்றாக உதைக்கிறது.

டிசம்பர் 13

நேற்றுக் காலை வலி எடுத்தது. நைனா கார் பிடித்தார். திருப்பதி அரசு மருத்துவமனையில் மத்தியானம் பிறந்தாள். பெண். ஆபரேஷன் இல்லை. பெட்டி இல்லை. நல்ல எடை, அதைவிட நல்ல குரல்.

பிளெஸ்ஸி என்று ஒரு நர்ஸ் குழந்தையைத் துடைத்து என் மேல் போட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்க பொண்ணு சூப்பர் நாள்ல பொறந்திருக்கும்மா. டிசம்பர் பன்னெண்டு. ரஜினி பர்த்டே!"

சிரித்தேன். அடிவயிறு பிடித்து இழுத்தது, அப்படியும் நிறுத்த முடியவில்லை. பிறகு அழுதேன். பாவம், அந்தப் பெண் பயந்துவிட்டாள்.

டிசம்பர் 15

உமாபதி ஆஸ்பத்திரிக்கு வந்தான். குழந்தையைப் பார்த்தான். தூக்கவில்லை. "மூணாந்தேதி பொறந்திருந்தா பேப்பர்ல வந்திருக்கும்" என்றான்.

"போயிடு" என்றேன். பக்கத்துக் கட்டில்காரியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் சொன்னேன். போய்விட்டான்.

ஜனவரி 22

நைனா வீட்டில் பெரியவர்களை வைத்துப் பேச்சுவார்த்தை. நான் திரும்பி வரலாமாம். ஃப்ளெக்ஸைக் கிழித்ததற்குச் சங்கத்தில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதுமாம். நைனா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "காபி துன்னாச்சின்னா கெளம்புங்க" என்றார். காபியைத் துன்ன முடியாது என்று யாரும் சொல்லவில்லை. கிளம்பினார்கள்.

ஜூன் 9

சத்தியவேட்டில் ஒற்றை அறை வீடு. வேலையில் திரும்பச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. குழந்தையை யார் பார்ப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, போன வியாழக்கிழமை, செங்கம்மா டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் கூப்பிடவில்லை. வரலாமா என்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து, "இன்னா வூடு இது, காத்தே இல்ல" என்றார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

இன்று உமாபதி அவருக்குப் போன் செய்தான். சாப்பாட்டுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம், வந்துவிடு என்றானாம். "கட் அவுட்டுக்கு ஊத்துற பால்ல கொஞ்சம் காச்சி நீயும் குடி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பிறகு என் மேல் பாய்ந்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கத் தெரியவில்லையாம், தலை உருண்டையாக வராதாம். நானும் விடவில்லை. அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டோம். குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் மடியில் தூங்கிவிட்டாள்.

நாளைக்குக் காலை ஷிப்ட். அத்தை எனக்குச் சோறு எடுத்துப் பாத்திரத்தில் மூடி வைத்திருக்கிறார். உப்பு அதிகமாகத்தான் இருக்கும்.