நிரப்பாத கோப்பை

ஜிபார்,

நீ இணையத்தில் தேடிப் பிடித்த சைராகுல் பத்து மணிக்கு வருவார். சாவி செருப்புப் பெட்டியில் இருக்கிறது.

"எங்கம்மாவப் பாத்துக்க இன்டர்நெட்ல ஆள் புடிக்கிறியா?" என்று நான் கத்தியதை மறந்துவிடு. நேற்று அவர் அம்மாவுக்குக் கால் கோப்பைதான் தேநீர் ஊற்றினார்.

"நிறைய குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, நிரப்பி ஊத்துங்க" என்றேன்.

"நல்லாயிருக்கே! நிரப்பி ஊத்தினா எந்திரிச்சுப் போன்னு அர்த்தம். நம்ம வழக்கம் மறந்துபோச்சா, தம்பி?" என்றார் அவர்.

அம்மா சிரித்துக்கொண்டே ஒன்பது முறை கோப்பையை நீட்டினாள். ஆறு மாதமாக நான் தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தேன். அவள் தொடவேயில்லை.

மெதெர்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: சைராகுலுக்கும் தேநீர் கொடு. நிரப்பிவிடாதே.