சட்டைப் பையில் இருந்த பொட்டலம்

கூப்பிட்டால் “என்னாடி?” என்று திரும்பும் என் அண்ணனுக்கு,

முந்திரித் தோப்பில் இந்த வருஷம் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது. அண்ணி ஆள் விட்டுப் பார்த்துக்கொள்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று உனக்குப் பொய் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நீ போனதிலிருந்து அவர் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டுச் சாமி விளக்கைக்கூட நான் ஊருக்கு வந்தால்தான் ஏற்றுகிறேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாதா? “மாத்திரையிலயே ஓட்டலாம், எவ்வளவு நாளைக்குன்னு சொல்ல முடியாது. ஹார்ட் வால்வை மாத்துனா நல்லாயிடலாம், அதுலயும் ஆபத்து இருக்கு” என்று திருச்சி டாக்டர் முடிவை நம் மடியில் போட்டார். அண்ணி வெலவெலத்துப் போனார். “பெருமாள்கிட்ட பூக்கட்டிக் கேட்ருவோம்” என்றார். நீயும் தலையாட்டினாய்.

நந்தியாவட்டை வந்தால் ஆபரேஷன், செவ்வரளி வந்தால் வேண்டாம். பூக்களைத் தனித்தனித் தாளில் மடித்தது நீ. கல்லங்குறிச்சியில் பெருமாளாகக் கும்பிடுகிற கல் கம்பத்துக்கு முன்னால் போட்டதும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். நந்தியாவட்டை வந்தது. ஆபரேஷனுக்குப் போன நீ வரவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சுதான். “என் கைதான் எடுத்துச்சு தேவகி. பாழாப்போன கை.”

பெரம்பலூர் காலேஜில் உளவியல் நடத்துகிறவள் சும்மா இருப்பேனா? அன்றைக்கு நமக்குத் தெரிந்ததை வைத்துத்தான் ஒரு முடிவை எடைபோட வேண்டும், பின்னால் நடந்ததை வைத்து அல்ல என்றேன். எல்லாம் முடிந்தபிறகு, இது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று மனசு நம்மையே குற்றவாளி ஆக்கும் என்றேன். அண்ணி பொறுமையாகக் கேட்டார். “நீ சொல்றது வாஸ்தவந்தாம்மா. ஆனா எடுத்தது என் கை” என்றார்.

என்னைக் கூட்டிப்போக ஒருமுறை காலேஜுக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? போர்டில் பயம் ஒரு கட்டம், யோசனை ஒரு கட்டம், முடிவு ஒரு கட்டம், நடுவில் அம்புக்குறிகள். “என்னாடி, மனசுக்குப் பாத்தி கட்டி வச்சிருக்கே?” என்று சிரித்தாய். “போண்ணே, உனக்கென்ன தெரியும்” என்றேன். அதே கட்டங்களைத்தான் இன்னும் போடுகிறேன். பயத்திலிருந்து கோடு இழுக்கும்போது மட்டும் கை நின்றுவிடுகிறது.

நேற்று உன் சட்டையைத் துவைக்கச் சொல்லி அண்ணியே எடுத்துக் கொடுத்தார். கோயிலுக்குப் போட்டுப் போன அந்த வெள்ளைச் சட்டை. உன் வாசனை போய்விடும் என்று இவ்வளவு நாளும் ஆணியில் அப்படியே விட்டிருந்தார். பைக்குள் கைவிட்டால் மடித்த தாள்! அன்றைக்குக் கோயிலில் பட்டர் “இன்னொண்ணையும் பிரிச்சுடுங்க” என்றதும், “அதான் உத்தரவு வந்துடுச்சே, அது எதுக்குங்க?” என்று நீ அவசரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது.

பிரித்தேன். பூ காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. செவ்வரளி இல்லை. அதுவும் நந்தியாவட்டைதான்.

அடப்பாவி அண்ணே! வாங்கிய செவ்வரளியை எங்கே போட்டாய்?

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பெருமாளிடமே விளையாடியிருக்கிறாய், அது தெரிந்தால் அண்ணி தாங்குவாரா? ஆனால் அந்தக் கையை அவர் பார்க்கிற பார்வையை என்னால் இனிமேல் சகிக்க முடியாது. கொண்டுபோய்க் காட்டினேன்.

“ரெண்டுலயும் இதானா?”

“ஆமா அண்ணி. நீங்க எதை எடுத்திருந்தாலும் இதான் வந்திருக்கும்.”

“திருட்டு மனுசன்” என்றார். நீ போனபிறகு உன்னைத் திட்டி இப்போதுதான் கேட்கிறேன். சிரித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“பொழைக்கணும்னு அவருக்கு இவ்ளோ ஆசை இருந்திருக்கு. எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லியிருந்தா, வேணாம்னா சொல்லியிருக்கப் போறேன்?”

இத்தனை நாளும் தன் கையை நினைத்து அழுதார். நேற்றுதான் உனக்காக அழுதார். நானும்தான். நீ எதற்கும் ஆசைப்படாதவன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்?

ஏண்ணே சொல்லவில்லை? பெருமாள் சொன்னால் அண்ணி பயப்படாமல் அனுப்புவார் என்று நினைத்தாய், அது புரிகிறது. நீ வராவிட்டால் எடுத்த கையின் கதி என்ன என்று யோசிக்கவே இல்லையா? இல்லை, வந்துவிடுவோம் என்று அவ்வளவு நம்பினாயா? என் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை.

காலையில் அண்ணியே, “சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்குப் போயிட்டு வருவமா?” என்று கேட்டார். போகிறோம். உன் திருட்டுத்தனத்துக்கு நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். பூக்கட்டி எதையும் கேட்கமாட்டோம். கூட்டத்தில் உள்ளே போகும்போது அண்ணியின் அந்தக் கையை நான் பிடித்துக்கொள்வேன். சத்தியமாக, விடமாட்டேன்.

உன்மேல் கோபம் தீராத
உன் தங்கச்சி,
தேவகி