தேசப்பன் கை காட்டிய நாள்

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
9-2-1954

அன்பு மகள் பிலோமிக்கு அப்பா சிலுவைமுத்து எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் தம்பி ஜார்ஜும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தானே என்று வழக்கம்போல ஒரு வரியில் கேட்டுவிட்டுத் தாண்டிப் போக இந்தத் தடவை மனசு வரவில்லை. எப்படி இருக்கிறாய் கண்ணு? தூக்கம் வருகிறதா? சோறு இறங்குகிறதா? எப்போதும் ஜார்ஜ்தான் எழுதுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன், அவன் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் தன் இஷ்டத்துக்கு எழுதுவான். இதை நானே எழுதுகிறேன். நாலாம் வகுப்புப் படிப்பு, அதுவும் கயிறு பிடித்துக் காய்த்த கை, வரி ஏறி இறங்கிப் போகும், பொறுத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. நாளை மறுநாள் லூர்து மாதா திருநாள் பூசைக்கு நடந்தே போவேன் என்று அடம்பிடிக்கிறாள். ஜார்ஜுக்கு லோகோ ஷெட்டில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து வீட்டுக்குள் பெரிய ஆபீசர்போல நடக்கிறான். அவனுடைய புது காக்கி நிஜார் மேலேதான் பூனை நாலு குட்டி போட்டது. நிஜாரை எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள், அவனும் பழையதைப் போட்டுக்கொண்டு போகிறான்.

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து உனக்குத் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வந்தது, ஒருநாள் டெலிபோன் எக்சேஞ்சில் லைன் இணைக்கிற போர்டு முன்னால் உட்கார்ந்தவள் கையைத் தூக்க முடியாமல் அப்படியே இருந்துவிட்டாய், பத்து வாரம் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தாய் என்பதெல்லாம் முடிந்த பிறகு எழுதியிருக்கிறாய். அந்தப் பத்து வாரமும் நீ ஹாஸ்டல் தோழியை விட்டு எங்களுக்கு நலம் நலம் என்று கார்டு போடச் சொன்னாயாமே, அந்தக் கார்டுகளை மறுபடி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பம்பாயில், அவ்வளவு தூரத்தில் தனியாக என் பிள்ளை படுத்திருக்க, நான் இங்கே வாளை மீன் குழம்பில் புளி தூக்கல் என்று உன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். காரணம் தெரியவில்லை அப்பா, யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறாய். காய்ச்சல் வந்தவளிடம் யாராவது காரணம் கேட்கிறார்களா? வந்தது, டாக்டர் பார்த்தார், தேறினாய். நீ வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இப்படி எழுதுகிற உன் அப்பன் என்ன செய்தான் என்பதையும் கேள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து எதிர்வீட்டு தேவகிருபை பொண்ணுக்கு என்ன என்று கேட்டாள். வாயில் வந்தது டைபாய்டு. சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் விட்டபாடில்லை. பிலோமிக்கு இட்லி கொடுக்கலாமா, முடி கொட்டுகிறதா, அந்த ஊர் தண்ணீரே அப்படித்தான் என்று தினம் வாசலில் வந்து நிற்கிறாள், நானும் ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து நேற்று வெடித்துவிட்டாள். வயித்துல வந்தா நோவு, மனசுல வந்தா கேவலமா, எம்பொண்ண நீயே ஒளிச்சு வெச்சா ஊரு இன்னா செய்யும் என்று கேட்டாள். தேவகிருபையிடம் உண்மையைச் சொல்லவா வேண்டாமா என்று நீதான் எழுத வேண்டும். உன் உடம்பு, உன் மனசு, உன் சொல்தான். நீ வேண்டாமென்றால் அது டைபாய்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு இட்லிப் பேச்சு பழகிவிட்டது.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குத் திரும்பி மூன்று வாரமாகியும் உன்னைப் போர்டில் உட்கார விடவில்லை, சீட்டுகளை அடுக்குகிற மேஜையில் போட்டிருக்கிறார்கள், நீ உள்ளே போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள், எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள் ஆனால் மூச்சு முட்டுகிறது, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதிலாக நம் தேசப்பன் விஷயத்தைச் சொல்கிறேன். நீ பம்பாய் ரயில் ஏறியபோது சென்ட்ரல்வரைக்கும் உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாரே, அதே தேசப்பன் மாமாதான். துறைமுகத்தில் என் குழுவில் கை காட்டுகிறவர் அவர். கப்பலின் மேல்தட்டில் சரக்கைத் தூக்கி இறக்குகிற வின்ச் ஓட்டுகிற பக்தவச்சலத்துக்குக் கீழே கப்பல் வயிற்றிலிருக்கிற கிடங்கு தெரியாது. கிடங்கு வாய் ஓரத்தில் நிற்கிற தேசப்பன் கையைத்தான் பார்ப்பான். கை இறங்கினால் சரக்கு இறங்கும், கை நின்றால் சரக்கு நிற்கும். கீழே ஆறு பேர் உயிர் அந்தக் கையில். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு இறங்கும்போது கீழே இருக்கிறவன் ஓரமாக ஒதுங்கி நிற்பான், ஆனால் மேலே பார்க்க மாட்டான். கண்ணில் தூசி விழும் என்று புது ஆட்களிடம் சொல்வோம். நிஜம் என்னவென்றால், மேலே பார்த்தால் கை காட்டுகிறவனை நம்பவில்லை என்று அர்த்தம். அது அவனை முகத்துக்கு நேரே வைவதற்குச் சமம்.

தேசப்பனுக்கு நீ போன மறுவருஷம் மனசு கெட்டது. பேச்சு குறைந்தது, வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், ஒருநாள் தூக்கிய கையை இறக்க முடியாமல் அழுதார். ஏழு மாதம் கீழ்ப்பாக்கத்தில் இருந்து தேறி, வேலைக்குத் தகுதி என்று டாக்டர் சீட்டோடு வந்தார். நாங்கள் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பிறகு ஒரு தப்பு செய்தோம், அன்பினால் செய்த தப்பு. அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று குடிதண்ணீர்ப் பானைப் பக்கத்தில் நிழலில் உட்காரவைத்தோம். ஒரு மூட்டையைத் தொட்டால்கூட வுடு தேசப்பா நாங்க பாத்துக்கறோம் என்று பிடுங்கிக்கொண்டோம். அவர் முன்னால் யாரும் சத்தம்போட்டுச் சிரிப்பதுகூட இல்லை. பதினைந்து நாள் பார்த்துவிட்டு மனுஷன் வருவதை நிறுத்திவிட்டார். தண்டையார்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று நான் கோபித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. இன்னா மேஸ்திரி, கீழ்ப்பாக்கத்துலயே என்னைத் தோட்டம் கொத்த வுட்டாங்க, நீங்கோ பானைக்குக் காவல் வெச்சிட்டீங்கோ, உங்க எல்லாருக்கும் என் மேல பாசம் கீது, நம்பிக்கதான் இல்ல என்றார். பிலோமி, முப்பது வருஷமாக ஆட்களை மேய்க்கிறவன் நான். அன்றைக்குத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. மூன்று நாள் வெறும் கயிற்று வலையை ஏற்றி இறக்கிப் பார்த்தோம், கை பழையபடியே இருந்தது. நாலாம் நாள் பதனிட்ட தோல் கட்டு ஏற்றுகிற கப்பல். தேசப்பன் கிடங்கு வாயில் போய் நின்றார். கீழே இறங்க ஒருவனும் வரவில்லை. எங்க உசுரு இன்னா வெளையாட்டா மேஸ்திரி என்றான் ஒருவன். பக்தவச்சலம் அவனை வையவில்லை. அவன் கை காட்னா நான் எறக்கறேன், ஆனா கீழ எவனாவது நிக்கணுமே என்றான். எல்லாம் தேசப்பன் காதில் விழும்படிதான். அவர் கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயசு, கடைசியாகக் கிடங்கில் இறங்கி ஆறு வருஷமாகியிருந்தது. சட்டையைக் கழற்றி பக்தவச்சலம் தோளில் போட்டுவிட்டு ஏணியில் இறங்கினேன். தனியாக நின்று எட்டுத் தடவை கட்டு வாங்கினேன். சாப்பாட்டு மணிக்குப் பிறகு இரண்டு பேர் இறங்கினார்கள், மறுநாள் மற்றவர்கள். ஒருவன் மட்டும் கடைசிவரை ஒப்பவில்லை, வேறு குழுவுக்குப் போய்விட்டான். போகட்டும், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, அவன் பயத்தை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் தேசப்பன்தான் கை காட்டுகிறார். சில நாள் காலையில் வந்து, இன்னிக்கு என் கை வேணாம் மேஸ்திரி என்பார். அன்றைக்கு அவர் கரையில் மூட்டை தூக்குவார், வேறொருவன் கை காட்டுவான், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்று மற்றவன் சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

நான் சொல்வது இதுதான் கண்ணு. உன் மேற்பார்வைக்கார அம்மாளிடம் நீயே போய், எனக்கு என் போர்டு வேண்டும் என்று கேள். முழு நாள் முடியாவிட்டால் அரை நாள் கேள். முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்லவும் கேட்டு வாங்கிக்கொள். அந்த அம்மாள் கெட்டவளாக எனக்குத் தெரியவில்லை, நாங்கள் பானைப் பக்கத்தில் உட்காரவைத்தோமே அதே தப்பைத்தான் அவளும் செய்கிறாள், யாராவது சொன்னால்தானே தெரியும். டாக்டர் கொடுத்த மருந்தைத் தேறிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே. கேட்டும் கொடுக்கவில்லை, உன்னால் அங்கே இருக்க முடியவில்லை என்றால் ஒரு தந்தி அடி, நானே ரயிலேறி வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். உன் பாயை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இளைப்பாற வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. ஒளிந்துகொள்ள மட்டும் வராதே.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நான் அன்றைக்கு மேலே பார்க்கவே இல்லை என்றுதான் துறைமுகத்தில் எல்லோரும் இன்றுவரை பேசுகிறார்கள், நானும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். மூன்றாவது கட்டு இறங்கும்போது நான் பார்த்தேன். அவ்வளவு பாசம் வைத்த எனக்கே கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அதனால் அந்தப் பெண்கள் உன்னைக் கொஞ்ச நாள் ஒரு மாதிரி பார்த்தால் மனசு உடையாதே. உன்னைப் பிடிக்காமல்தான் பார்க்கிறார்கள் என்று எண்ணாதே. உன்னைக் கேட்காமல் நான் ஒருவரிடம் மட்டும் உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அது தேசப்பனிடம். தப்புதான், வைது எழுது, வாங்கிக்கொள்கிறேன். அவர் கதையை உனக்கு எழுதலாமா என்று கேட்கத்தான் போனேன், தாராளமா எழுது என்றார். அப்போது இத்தனை வருஷமாகச் சொல்லாததையும் சொல்லிவிட்டேன், நான் மேலே பார்த்தேன் தேசப்பா என்று. அவர் சிரித்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார், அதனால் அப்படியே எழுதுகிறேன். எனக்குத் தெரியாதா மேஸ்திரி, நீ பாத்தத நானும் பாத்துக்கினுதான் இருந்தேன், பாத்தா இன்னா, பாத்துட்டு அப்பாலயும் அங்கயே நின்னுகினு இருந்தியே, அது போதும்னு பாப்பாவுக்கு எழுது என்றார்.

நானும் அங்கேயேதான் நிற்கிறேன் பிலோமி. அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்ததாக எழுதச் சொல்கிறாள். ஆண்டவரும் தேவமாதாவும் உனக்குத் துணையிருப்பார்கள். தேவகிருபை விஷயத்துக்கு மறக்காமல் பதில் போடு, அவள் இப்போதுகூட வாசலில் நிற்கிறாள்.

இப்படிக்கு,
உன்னை நம்பியிருக்கும் அப்பா,
ம. சிலுவைமுத்து