ரீகாக் கடலில் உப்பில்லை

இன்று மத்தியானம் குசினியில் புகைமீன் தகரப்பேணி ஒன்றைத் திறந்தேன். எண்ணெயும் புகையும் கலந்த அந்த மணத்துக்கு என் மனைவி ஜன்னலைத் திறக்க ஓடினாள். எனக்கோ, நண்பரே, நீர் வந்து எதிர்க் கதிரையில் குந்தியதுபோல இருந்தது.

மூடியில் உமது ரீகா நகரம் அச்சடித்திருக்கிறது. சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டில் அந்த மூடியை வைத்துத்தானே எனக்குப் புவியியல் படிப்பித்தீர். அதுவும் முப்பது வருடம் புவியியல் வாத்தியாராக இருந்த எனக்கு. மன்னாரில் கடற்றொழில் செய்த உம்மை ஜெர்மனிக்கு என்று ஏற்றிய ஏஜென்சிக்காரன், பால்டிக் கரையில் அந்த ரீகாவில் இறக்கிவிட்டு மறைந்துபோனான். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே கிடந்து, பிறகுதான் எப்படியோ சிட்னி வந்து சேர்ந்தீர்.

“இந்தக் கோபுரத்துக்குப் பின்னாலதான் மாஸ்டர் எங்கட அறை” என்று எண்ணெய் விரலால் காட்டுவீர். அந்தத் தேவாலயக் கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதில் சேவல் நிற்பதில், கத்தோலிக்கரான உமக்குப் பெரிய மனவருத்தம். “எங்கட முருகன் உங்களுக்கு முதலே போயிட்டார்” என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

சரித்திரமும் உம்மிடம் சுருக்கமாக இருந்தது. “ஜெர்மன்காரன் வந்தான், போலந்துக்காரன் வந்தான், சுவீடன்காரன் வந்தான், ரஷ்யாக்காரன் வந்தான். ஒருத்தனும் விசா எடுத்துக்கொண்டு வரேல்லை. நான் மட்டும்தான் பிடிபட்டனான்.” துறைமுக நகரம் என்பீர், ஊருக்குள் ஓடுவது ஆறு, கடலைக் காண ரயில் ஏற வேண்டும் என்பீர். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கடல் தண்ணீரில் உருளைக்கிழங்கு அவித்தும் மேலே உப்புப் போட வேண்டியிருந்தது என்றீரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உமது அறுபதாவது பிறந்தநாளில், மண்டபம் நிறையச் சனம் இருக்க, மைக்கைப் பிடித்தேன். “உப்பில்லாத கடலைக் கண்ட ஒரே ஆள் இவர்தான். என்ர வகுப்பெண்டா முழங்காலில நிப்பாட்டியிருப்பன்.” சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. நீரும் சிரித்தீர். அதற்குப் பிறகு ரீகா என்ற சொல்லே உமது வாயில் வரவில்லை.

அத்தோடு விட்டேனா? எழுத்தில் காட்டியும் மடக்க வேண்டுமென்று பரமட்டா நூலகத்துக்குப் போனேன். பெரிய ஆறுகள் பல வந்து விழும் கடல், வெளிக்கடலோடு சேரும் வாசலோ ஒடுக்கம், ஆகவே உப்பு மிகக் குறைவு என்று படத்தோடு போட்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, தெரிந்தவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். சரியான வெட்கம். ஆனாலும் உம்மிடம் சொல்லவில்லை. வாத்தியார்ப் புத்தி.

நீர் ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. மன்னிப்புக் கேட்கவென்றே வந்தேன்.

“அந்தக் கடல் விசயம்...” என்று இழுத்தேன்.

“கடலை விடுங்கோ மாஸ்டர். நேற்றைய மட்ச் பாத்தனீங்களே?”

நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பும்வரை ஒரு ஓவர் விடாமல் சொன்னீர். அடுத்த கிழமை நீர் இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, சாப்பாட்டு வரிசையில் வைத்து உமது மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கையில் தட்டோடு நின்று அழுதேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவருக்குத் தெரியும் மாஸ்டர். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனீங்கள் எண்டு அண்டைக்கே எனக்குச் சொன்னவர். ‘கேட்டுப்போட்டா மாஸ்டருக்கு மனம் லேசாகிடும், பிறகு என்னை மறந்துபோடுவார், கிடந்து யோசிக்கட்டும்’ எண்டு சிரிச்சவர்.”

பத்து மாதமாகிறது. கிடந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.