ஜாலான் மாத்தி, தமிழில் படித்தால்

சிக்கு,

இன்று காலை துப்பட்டாவுக்கு ஊக்கு தேடிப் பழைய கைப்பையைக் கட்டிலில் கொட்டினேன். ஊக்கு வரவில்லை, உங்கள் எல் போர்டு அட்டை வந்தது. மூலை மடிந்து, கோத்த நூல் கறுத்துப்போய், மூக்கருகே கொண்டுபோனால் பாண்டான் இலை வாசம். உங்கள் பயிற்சிக் காரின் பின்சீட்டில் வாரா வாரம் ஒரு கட்டு பாண்டான் இலை போட்டு வைப்பீர்களே, அதே வாசம். நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காரையும் உங்கள் மகள் கைமாற்றிவிட்டாள். இது மட்டும் என் பையில் ஒளிந்துகொண்டு இத்தனை நாள் வாசம் பிடித்து வைத்திருக்கிறது. கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலைப் பிடிக்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. ஆனாலும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த நாட்டில் வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறவரை எல்லோரும் சிக்கு என்றுதான் கூப்பிடுகிறோம். மலாயில் அது ஆசிரியர். தமிழில் அது சீப்பில் மாட்டுகிற சிக்கு. "ரெண்டுமே நான்தான் லா," என்பீர்கள். நாற்பத்தாறு வயதில் உங்களிடம் கற்றுக்கொள்ள வந்தேன். மூன்று முறை டெஸ்டில் தோற்றேன். நான்காம் முறை நானே வேண்டாம் என்று கும்பிடு போட்டேன். காரை விட்டேனே தவிர உங்களை விடவில்லை. உங்களைவிட எட்டு மாதம் பெரியவள் நான், இருந்தாலும் கடைசிவரை சிக்கு என்றே கூப்பிட்டேன்.

அப்புறம் ஒருநாள் உங்கள் மாதா கோயில் ஆட்களோடு ஒரு தியான இல்லத்துக்குப் போய் வந்தீர்கள். வந்த வேகத்தில், சாலாக் செலாத்தானில் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். அங்கே தோட்டத்தில் கல் பதித்து வட்ட வட்டமாக ஒரு பாதை போட்டிருந்தார்களாம். ஓர் ஓரத்தில் நுழைந்தால், மடிந்து மடிந்து, சுற்றிச் சுற்றி, நடுவில் கொண்டுபோய் விடுமாம்.

"மேஸ் இல்ல. மேஸ்ல போனா மாட்டிக்குவ. இது லேபிரிந்த். ஒரே வழி. கோஸ்தானே வேணாம் லா!"

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு நாம் சொல்கிற அந்த வார்த்தையை, இருபது வருஷம் பிறருக்குக் கற்றுக் கொடுத்தவர் நீங்கள். கோஸ்தானே தேவைப்படாத ஒரு பாதையைப் பார்த்ததும் உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "இத நம்ம பிரிக்பீல்ட்ஸ்ல ரோட்டு மேலயே போட்டா என்னா? நீதான் பிளான் வரையிறவளாச்சே."

நான் வரைந்தது கட்டடங்களுக்குக் குழாய் பிளான். எந்த வீட்டுத் தண்ணீர் எந்தக் குழாயில் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டுக்கு நான் எப்படிப் போவது என்பதுதான் குழப்பம். அதைச் சொன்னால், "அப்ப நீ தண்ணின்னு நெனச்சுக்க," என்று வாயை அடைத்துவிட்டீர்கள்.

ஐந்து மாதம் என் சாப்பாட்டு மேசையில் பிரிக்பீல்ட்ஸ் வரைபடம் விரிந்து கிடந்தது. தோசைத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். விதிகள் எல்லாம் நீங்கள் போட்டவை. மிதித்த இடத்தை மறுபடி மிதிக்கக் கூடாது. போட்ட கோட்டை வெட்டக் கூடாது. "ஒரு ரோடுன்னா ஒண்ணு இல்ல, ரெண்டு. போற பக்கம், வர்ற பக்கம்," என்று சொல்லிச் சாலைகளை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினீர்கள்.

ஆனாலும் பாதை கூடவில்லை. இந்த மாதிரி வழிக்கு உயிரே மடிப்புதான். போன வழியை ஒட்டியே திரும்பி வர வேண்டும். அதற்கு எங்காவது எதிர்ப்பக்கம் போயாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலையில் நடுவே கம்பித் தடுப்பு, மேலே மோனோரயில் தூண், கீழே நிற்காத கார்கள். எங்கே போய் மடிப்பது? பதினொரு தாள் கிழித்தேன். பன்னிரண்டாவதைக் கிழிக்கும்போது, ரப்பரை என் மேல் எறிந்துவிட்டு நீங்கள் கோபித்துக்கொண்டு போனதும் நினைவிருக்கிறது. மறுநாள் நாசி லெமாக் பொட்டலத்தோடு வந்தீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். வரைபடம் என் கையில். பூக்கடைகளைத் தாண்டி, பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் மேட்டை ஒட்டி இருநூறு அடி போனதும்தான், நான் அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைப் பார்த்தீர்கள். நேரே காருக்குப் போய் எல் அட்டையை எடுத்து வந்து, நூல் கோத்து, என் கழுத்தில் முதுகுப் பக்கமாக மாட்டிவிட்டீர்கள். மாலை கட்டிக்கொண்டிருந்த அக்காக்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"கழட்டாத. நீயே முன்னால நின்னு, ஆளுங்கள நடு வரைக்கும் கூட்டிட்டுப் போற அன்னைக்கு நானே கழட்டி விடுறேன். அதான் ஒனக்கு லைசென்ஸ்," என்றீர்கள்.

ரோஷத்தில் விறுவிறுவென்று நடந்தேன். விறுவிறுவென்று நடந்ததால் ஒரு பலகையைக் கவனிக்கவில்லை. சந்தின் கடைசியில் ஒரு மதில் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் சந்து முனையில் நீங்கள், இடுப்பில் கை, பக்கத்தில் அந்தப் பலகை: ஜாலான் மாத்தி. மலாயில் செத்த சாலை, நமக்கு முட்டுச்சந்து. அதற்குள் வண்டியை விட்டால் என் தொடையில் சுள்ளென்று தட்டுவீர்கள். அந்தப் பயத்தில் நான் வரைபடத்தில் இருந்த முட்டுச்சந்துகள் அத்தனையையும் முதல் நாளே சிவப்புப் பென்சிலால் அடித்து வைத்திருந்தேன்.

திட்டு விழும் என்று, மதிலோரமாக எதிர்ப்பக்கம் போய் மெதுவாகத் திரும்பி வந்தேன். நீங்கள் திட்டவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நில்லு. அந்தப் பக்கமா போன. இந்தப் பக்கமா வந்திருக்க. எதையாவது மிதிச்சியா?"

"இல்ல சிக்கு."

"எதையாவது வெட்டுனியா?"

"இல்லயே."

"அலாமாக்! மடிப்பு இதான் லா!" நடுரோட்டில் கைதட்டினீர்கள். பிறகு பலகையைக் காட்டி, "இத்தன வருஷம் இத மலாய்லயே படிச்சிட்டேன். தமிழ்ல படி. ஜாலான் மாத்தி. மாத்திப் போன்னு எழுதியிருக்கான்!"

அன்றைக்கே வீட்டில் சிவப்புக் கோடுகளை எல்லாம் அழித்தோம். ஒன்பது முட்டுச்சந்து, ஒன்பது மடிப்பு. இரண்டு வாரத்தில் பாதை கூடிவிட்டது. நடுவில் எது இருப்பது என்று கேட்டவர்களிடம், கோயிலும் வேண்டாம், மாதா கோயிலும் வேண்டாம், யார் கடையும் வேண்டாம் என்றீர்கள். மாணவர்களுக்காக நீங்கள் காத்திருக்கிற அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியை நடுவாக வைத்தீர்கள்.

நடந்த அன்று நாற்பத்தொரு பேர். சுங்கை வேயிலிருந்து உங்கள் பழைய மாணவர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். இரண்டே கால் மணி நேரம். ஓரிடத்தில் வரிசை மடிந்து, முன்னால் போன நீங்கள் சந்தின் அந்தப் பக்கம் திரும்பி வர, கடைசியில் வந்த நான் இந்தப் பக்கம் உள்ளே போக, நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். நீங்கள் ஹாரன் அடிக்கிற மாதிரி கையை அமுக்கிக் காட்டினீர்கள். மரத்தடியில் நாற்பத்தொரு பேரும் வந்து சேர்ந்தபோது ஒரு வண்டிகூட நமக்காக நிற்க வேண்டியிருக்கவில்லை, ஓர் அடிகூட இரண்டாம் முறை விழவில்லை. எனக்கு அப்போதிருந்த கர்வம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைக் குறைத்துக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

அடுத்தது கிள்ளான் என்றீர்கள். நான்தான் முன்னால் நிற்க வேண்டும் என்றீர்கள். நாள் குறிப்பதற்குள் உங்கள் இருதயம் அவசரப்பட்டுவிட்டது. மகள் போனில் சொன்னபோது, "அவங்க என்ன விட்டுட்டுப் போக மாட்டாங்களே" என்று ஏதோ உளறினேன். கோபம்தான் வந்தது, சிக்கு. அதற்கப்புறம் ஐந்து மாதம் வரைபடத்தைச் சுருட்டி அலமாரி மேல் போட்டுவிட்டேன். பிறகு நானே இறக்கினேன்.

கிள்ளானைத் தனியாக வரைந்தேன். தப்பு தப்பாகத் தொலைந்து, துணிக்கடை ஆன்டிகளிடம் வழி கேட்டு, பதினேழு தாள் கிழித்து முடித்தேன். இன்று காலை அட்டையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினேன். முப்பது பேர் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு சந்தில் நுழைந்தோம். போன வாரம் திறந்திருந்த அதன் மறுமுனையில் புதுத் தகரத் தடுப்பு நின்றது.

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளங்கை வேர்த்துவிட்டது. டெஸ்டில் மூன்றாம் முறை தோற்றபோது வேர்த்ததே, அதே வேர்வை. ரவாங்கிலிருந்து வந்திருந்த லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஜாலான் மாத்தி ஆயிருச்சு லா அக்கா. கோஸ்தான்தான்," என்றார்.

"தமிழ்ல படிங்கண்ணே," என்றேன். "மாத்தி."

தகரத்தை ஒட்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினேன். அவர்களும் வந்தார்கள். வெளியே வந்ததும் வரைபடத்தைப் பார்த்தேன், நேராகத்தான் பிடித்திருந்தேன். அடுத்த சந்து இன்னும் யாரும் மிதிக்காதது. அதில் நுழைந்து, ஒரு மடிப்பு கூடுதலாகப் போட்டு, எதையும் வெட்டாமல் நடுவுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஆமாம் சிக்கு, நான்தான். முப்பது பேரையும் நான்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள். மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தபோது, லோரி அண்ணன் பின்னாலிருந்து, "அக்கா, முதுகுல எல் போர்டு இருக்கு. கழட்டி விடவா?" என்று கை நீட்டினார்.

"வேணாம்ணே, அதுக்கு ஆள் இருக்காங்க," என்றேன்.

ரயிலில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து வந்தேன். இதை எழுதும்போதும் அது முதுகில்தான் தொங்குகிறது.