கொடி எந்தப் பக்கம் இருந்தது

காமயகவுண்டன்பட்டி,
4.1.2025

மகன் விஷாலுக்கு, அப்பா சின்னக்கருப்பு நெற்றியில் ஒரு வீக்கத்தைத் தவிர மற்றபடி நலமாக இருந்து எழுதுவது.

வீக்கக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கேட்ட கேமராவை விசாரிக்க நேற்று உத்தமபாளையம் போனேன். நம்ம பக்கீர் முகம்மது தன் ஸ்டூடியோவுக்குப் புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறான். மூடின கண்ணாடிக் கதவில் ஊரே முட்டும். உன் அப்பா திறந்து வைத்திருந்த கதவின் ஓரத்தில் போய் முட்டினேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு விறைப்பாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் சிரித்துவிட, பக்கீர் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

கேமரா எதற்கு என்று கேட்டான். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் ட்ராக்கில் கார் ஓட்டுவதையும், அதைப் படம் பிடிக்க ஆசைப்படுவதையும் சொன்னேன். இருபத்திரண்டு வருசம் கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போனவன் நான். கிளம்பின இடத்துக்கே திரும்பி வருவதற்கு எதற்கு இத்தனை வேகம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இருந்தாலும் உனக்கு என்ன வேண்டும் என்று விவரமாக எழுது. போனில் வேண்டாம். உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதாகத்தான் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். பக்கீர் கடை முகவரிக்கே எழுது.

இப்படிக்கு,
பொய்க்குத் துணை போகும் அப்பா,
சின்னக்கருப்பு


கோயம்புத்தூர்,
12.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

திறந்த கதவில் முட்டினதைப் படித்துவிட்டு ரூமில் தனியாகச் சிரித்தேன். சிரிக்க எனக்குத் தகுதி கிடையாது. போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் ஒருத்தர் தட்டோடு பக்கத்தில் வந்ததைக் கவனிக்காமல் திரும்பி, அவர் சாம்பாரை அவர் மேலேயே ஊற்றிவிட்டேன். நம்ம வம்சமே இப்படித்தான் போல.

கேமரா விஷயம். ஹெல்மெட்டில் மாட்ட ட்ராக்கில் விடமாட்டார்கள். சீட்டுகளுக்கு நடுவே கம்பியில் இறுக்கிக் கட்டணும். அதிர்வில் படம் ஆடக் கூடாது. வெயிலில் சூடாகி நின்றுவிடக் கூடாது. என் கை, ஸ்டீயரிங், முன் கண்ணாடி மூன்றும் தெரிந்தால் போதும்.

அவசரம் ஏன் என்றால், போன மாதம் ஒரு தகராறு. மூன்றாவது வளைவில் ஒரு கார் சுழன்று நின்றதாம். ஓரத்தில் மஞ்சள் கொடி காட்டினார்களாம். நான் வேகத்தைக் குறைக்காமல் அந்தக் கார் பக்கத்தில் ஒரு முழ இடைவெளியில் போய்விட்டேனாம். சத்தியமாகச் சொல்கிறேன் அப்பா, அங்கே கொடியே இல்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் பிப்ரவரி 23 போட்டியில் ஓட்ட விடமாட்டார்களாம். அன்றைக்கு ஒன்பது கார்கள் ஒன்றாக ஓடும். வீடியோ இருந்தால் அவர்கள் வாயை அடைத்துவிடலாம்.

மகன்,
விஷால்


காமயகவுண்டன்பட்டி,
18.1.2025

மகன் விஷாலுக்கு,

இந்தப் பார்சலில் கேமரா, தாங்கி, இரண்டு பேட்டரி, உன் அம்மா கொடுத்த முறுக்கு எல்லாம் இருக்கும். பஸ்காரர் முறுக்கைத்தான் உடையாமல் கொண்டுவருவார், கேமராவைப் பற்றி எனக்கு நம்பிக்கையில்லை.

பக்கீர் மூன்று கேமரா எடுத்து வைத்தான். நீ கேட்ட மாதிரி முன்னால் மட்டும் பார்க்கிறது ஒன்று இருந்தது. படம் அப்படியே கண்ணாடி மாதிரி. நான் அதைத்தான் கையில் எடுத்தேன். பக்கீர் பிடுங்கி வைத்துவிட்டான். "அகல லென்சுதான் எடுக்கணும்ப்பா. கல்யாண வீட்ல ஓரத்துல நின்ன ஒரு சித்தப்பா முகம் விழலேன்னா, மூணு வருசத்துக்கு என் கடைப் பக்கம் வரமாட்டாக. ஓரத்துலதான்ய்யா சண்டையே இருக்கு" என்றான். இதில் இரண்டு பக்க ஓரமும் விழும். முப்பது வருசமாகச் சித்தப்பாக்களுக்குப் பயந்தவன் சொல்வதை நம்பி இதையே அனுப்புகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். சாம்பார் ஊற்றினாயே, அந்த ஆள் எந்தப் பக்கமிருந்து வந்தார்? சும்மாதான் கேட்கிறேன். அந்தக் கொடி எந்தப் பக்கம் இருந்ததாகச் சொன்னார்கள் என்பதையும் எழுது.

பொங்கலுக்கு நீ வராததில் அம்மாவுக்கு வருத்தம். வகுப்பு இருந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா,
சின்னக்கருப்பு


கோயம்புத்தூர்,
3.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கேமரா பிரமாதம். துளி ஆடவில்லை. முறுக்குதான் மாவாக வந்தது.

நேற்று ட்ராக்கில் மறுபடியும் அதே புகார். வலது ஓரத்தில் கொடி காட்டினதாகச் சொன்னார்கள். போன தடவை இடது ஓரமாம். எனக்குக் கோபம் வந்து, எல்லார் முன்னாலும் வீடியோவைப் போட்டுக் காட்டினேன்.

அப்பா, வீடியோவில் கொடி இருக்கிறது. ஒருத்தர் இரண்டு கையாலும் ஆட்டுகிறார். போனில் நானே பத்துத் தடவை பார்த்துவிட்டேன். ஓட்டும்போது அது அங்கே இல்லை. பக்கீர் மாமாவிடம் கேளுங்கள், அகல லென்ஸ் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுமா?

கவனம் சிதறிவிட்டது, தூக்கம் போதவில்லை என்று மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனசு பண்ணி, போட்டிக்கு அனுமதித்துவிட்டார்கள். இருபத்து மூன்றாம் தேதி அம்மாவுக்குத் தெரியாமல் வர முடியுமா?

சாம்பார் ஆள் எந்தப் பக்கம் என்று ஞாபகம் இல்லை. ஏன் கேட்டீர்கள்?

மகன்,
விஷால்


காமயகவுண்டன்பட்டி,
17.2.2025

மகன் விஷாலுக்கு,

உன் கார் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. தொலைத்துவிட்டதாக நீ ரூமைப் புரட்டிக்கொண்டிருப்பாய். புரட்ட வேண்டாம். நேற்று பக்கீரோடு உன்னைப் பார்க்க வந்துவிட்டு, கிளம்பும்போது பை எடுக்க ரூமுக்குத் திரும்பினேனே, அப்போது மேசை மேலிருந்து எடுத்தேன். அறுபது வயதில் முதல் திருட்டு, அதுவும் பெற்ற மகனிடம். இன்னொரு சாவி உன்னிடம் இருக்கும் என்று பஸ் தாராபுரம் தாண்டின பிறகுதான் புத்தியில் பட்டது. அதனால் காலையில் எழுந்ததும் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கீர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறான். உன் கையில் கொடுத்து, நீ படிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பான்.

டீக்கடையில் உனக்கு முறுக்கு நீட்டினேன், ஞாபகமிருக்கிறதா? இருக்காது. உன் இடது பக்கம் உட்கார்ந்து, உன் தோளுக்கு நேராக நீட்டினேன். நீ எதிரே பார்த்துப் போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாய். நாலு தடவை நீட்டினேன். பிறகு எழுந்து வந்து வலது பக்கம் உட்கார்ந்து நாலு தடவை. நீ எடுக்கவே இல்லை. எதிரே இருந்த பக்கீர் டீயைக் குடிக்காமல் என்னையே பார்த்தான். நீ கை கழுவப் போனபோது, "சொல்லீரு சின்னக்கருப்பு. இங்கன வச்சே சொல்லீரு" என்றான். நீ திரும்பி வந்தாய். முழங்கால் வலிக்கிறது, கிளம்புகிறேன் என்று சொன்னேன்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. எப்போதுமே இருந்ததில்லை. முழங்கால் வலி என்று சொல்லி ஜீப்பை விற்றேனே, அதுவும் முழங்காலுக்காக இல்லை. மெட்டு மலை ஏறும்போது ஒரு வளைவில், ஓரமாக நின்ற அக்கம்மாளை நான் பார்க்கவே இல்லை. தோட்டத்துக்கு என் ஜீப்பிலேயே பத்து வருசம் வந்த பொம்பளை. சத்தம் கேட்டுத்தான் நிறுத்தினேன். இடுப்பெலும்போடு போயிற்று, பிழைத்துக்கொண்டாள். அவள் திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னேன். அவளும் அதை நம்பிவிட்டாள்.

மதுரையில் கண் டாக்டரிடம் பக்கீர்தான் கூட்டிப்போனான். இரண்டு ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிற வியாதி, நடுவில் மட்டும் தெரியும், நமக்கே தெரியாமல் வரும் என்றார். பக்கீர் ஏன் அந்த அகல லென்சை என் கையில் திணித்தான் என்று இப்போது உனக்குப் புரியும். உன் சாம்பார்க் கதையை அவன் என்னிடமிருந்து வாங்கிப் படித்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஓட்டினால், உனக்கு இரண்டு பக்கமும் வருகிற கார்கள் உன் கண்ணுக்கு இல்லை. அவ்வளவுதான். பக்கீரோடு நேராக மதுரைக்கு வந்துவிடு. நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். அம்மாவிடம் இன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், கீழே எழுதுகிற இந்த ஒன்றைத் தவிர. இதை உன்னிடமும் நேற்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அந்த டாக்டர் அன்றைக்கே என் கையைப் பிடித்துச் சொன்னார், இது பிள்ளைகளுக்கும் வரும், மகனையும் மகளையும் அடுத்த வாரமே கூட்டி வாருங்கள் என்று. யுவராணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கண் வியாதிக் குடும்பம் என்று பேச்சு வரும் என்று நினைத்தேன். கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு இப்போது இரண்டாவது பிள்ளையும் நடக்கிறது. நீ கார் வாங்கினாய், மாலை போட்டுப் படம் எடுத்தோம். எட்டு வருசம் ஆயிற்று விஷால், உன்னை நான் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அப்பா