தாழப் பறந்து வந்த விமானம்

மயிலாப்பூர் குப்பம்
24-11-1948

அன்பு மகன் சவரிமுத்துவுக்கு நைனா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் அம்மாவும் உன் தம்பி இன்னாசியும் உயிரோடு இருக்கிறோம், நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். பம்பாயில் வேலை போக மீதி நேரத்தில் விமானம் ஓட்டும் கிளப்பில் சேர்ந்து தொண்டு செய்வதையும், வெள்ளத்தில் தவித்த ஊருக்கு மேலிருந்து ரொட்டி மூட்டை போட்டதையும், பள்ளிப் பிள்ளைகளுக்கு விமானப் பாடம் நடத்துவதையும் பெருமையாக எழுதியிருந்தாய். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரக் காற்றில் இன்னாசியும் உன் கூட்டாளி கோபாலும் கட்டுமரத்தோடு கடலில் அடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் மீனம்பாக்கத்திலிருந்து இங்கத்திய கிளப்காரர் ஒருவர் தாமாகவே விமானம் எடுத்துக்கொண்டு தேடப் போனார், மரத்தைக் கண்டும்விட்டார். தாழ இறங்கி இரண்டு முறை சுற்றிப் பார்த்து, ஆளில்லாத வெறும் மரம் என்று திரும்பிவிட்டார். ஆள் இருந்தார்களடா. சண்டைக் காலத்தில் நீ குண்டுவீச்சுக் காவலுக்கான ஏ.ஆர்.பி. படையின் சட்டை போட்டு விசில் ஊதி, தாழப் பறந்து சுற்றினால் ஜப்பான்காரன் நம்மைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம், தண்ணீரில் இறங்கிக் கட்டுமரத்துக்கு அடியில் தலையை மறை என்று குப்பம் முழுக்கப் பழக்கினாயே, அதைத்தான் செய்திருக்கிறார்கள். கோபால்தான் ‘கீழ வரான், தலைய உள்ள வைடா’ என்று இன்னாசியை அமுக்கினானாம். சண்டை முடிந்து மூன்று வருஷமாயிற்றே என்பாய். பட்டினியோடு கடலில் கிடப்பவனுக்கு உடம்பு பழகினதுதான் தெரியும். மறுநாள் விடியற்காலை கோபால் கை நழுவிப் போனான். மத்தியானம் கோவளத்துக் கட்டுமரக்காரர்கள் இன்னாசியை மட்டும் தூக்கி வந்தார்கள்.

தியாகராய நகரில் பங்களாப் பிள்ளைகளுக்குக் காகித விமானம் செய்யக் கற்றுக்கொடுக்கிற கிளப்பில் ஒருவருக்கும் குப்பத்துக்கு வந்து, இனி விமானம் தாழ வந்தால் துணியை வீசிக் காட்டுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அவர்களை விடு, உனக்குத் தோன்றியதா? மறையச் சொன்னவன் நீ, இனி மறைய வேண்டாம் என்று சொல்லாமலே ரயிலேறிவிட்டாய். நானும்தான் அன்றைக்கு மணலில் நின்று என் மகன் அதிகாரி என்று பூரித்தேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். கோபாலின் அம்மா தேசம்மா தினமும் நம் வாசலுக்கு வந்து, ‘அவ்ளோ கிட்ட வந்த ஏரோப்ளேன் எம்புள்ளைய இன்னாத்துக்குண்ணே வுட்டுட்டுப் போச்சி’ என்று கேட்கிறாள். நான் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, பனியில் தலை நனையவிடாதே, மாதா உன்னைக் காப்பாற்றட்டும். கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு வந்து குப்பத்தாரை உட்காரவைத்து, சொல்லிக்கொடுத்ததை நீயே மாற்றிச் சொல். அதற்கு முன்னால் தேசம்மா வீட்டுக்குப் போ. கோபால் ஏன் தலையை மறைத்தான் என்று அவளுக்கு நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

உன் நைனா,
மரியசெல்வம்